கூடின ரெண்டு தகடு

ஒட்டுசுட்டான் தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
தார் முடிகிறது.
அங்கிருந்து குளம் வரை பதினொரு கிலோமீற்றர்:
கிறவல், மணல், பாலை வேர்,
போன மாரியில் உழவு மெசின் விட்டுப்போன
இரண்டு தடம், காய்ந்து கல்லாய்.

எங்கள் பிக்கப் ஏலத்தில் எடுத்தவனிடம் எடுத்தது.
கதவில் ஏதோ நிறுவனத்தின் பெயர் சுரண்டிய தழும்பு.
கூரையில் அன்ரனா நின்ற நாலு ஓட்டை,
சிலிக்கன் வைத்து அடைத்தது.
நடுவில் இருந்தவன் அதில் மணல் ஏற்றியிருக்கிறான்.
அது பிறகுதான் தெரிந்தது.

வெறுமையாய் ஓடினால் பின் அச்சு உதைக்கும்,
தலையீத்து மாடு கறக்க விடாமல் உதைக்கிற மாதிரி.
ஒரு கிடங்கு வந்தால் என் தலை கூரையில்.
கூடவே ஒரு கடகட, ஒரு கிறீச்,
பிறகு எங்கிருந்தென்று சொல்லமுடியாத
டிண் டிண் டிண்.

அன்றைக்கு ஏற்றியது மூவாயிரம் கட்லாக் குஞ்சு,
ஒக்சிசன் அடைத்த பைகளில்.
குளத்தில் அவிழ்த்தபோது
அரைவாசி வயிறு வெளுக்க மிதந்தது.
சங்கத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

றிஸ்வான் நாலு ஷொக்கையும் மாற்றினான்.
எண்பத்திரண்டாயிரம்.
"இனிப் பஞ்சு மெத்தை" என்றான்.
பஞ்சு மெத்தையில் வீடு திரும்புகையில்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் யோகமலர் குனிந்து கீழே பார்த்தாள்.
சங்கத்தின் கணக்கு அவள் கையில். வாகனம் ஓடத் தெரியாது.
"சத்தம் ஒரு வருத்தம், குலுக்கம் இன்னொரு வருத்தம்.
ரெண்டுக்கும் ஒரே குளிசை குடுக்காதையுங்கோ."

முதலில் சில்லு. காத்து நாற்பத்தைந்து.
"இது ஆர் சொன்ன கணக்கு?"
ஒருவரும் சொல்லவில்லை,
கடைப் பெடியன் எப்போதும் அடிப்பது.
கிறவல் தொடங்கும் இடத்தில் இருபத்தெட்டுக்கு இறக்கினோம்.
சீறலுக்கு ஒரு ஓணான் பற்றைக்குள் பாய்ந்தது.
கொஞ்சம் பரவாயில்லை.
கொஞ்சம்தான்.

அடுத்தது வில்லுத்தகடு.
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்,
பேரேட்டில் வரி எண்ணுவதுபோல.
இந்தப் பக்கம் ஏழு. அந்தப் பக்கமும் ஏழு.
"ஐஞ்சுதானே வாறது?"
இரண்டுக்கு மட்டும் வேறு நிறம், வேறு துரு.
மணல்காரன் தன் பாரத்துக்குப் போட்டது.
அந்தப் பாரம் இறங்கி வருசக்கணக்கு.
அதைத் தாங்க நின்ற விறைப்பு
இறங்காமலே நின்றது.

யூ போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு
ஓரிரவு காத்திருந்து
சாவியில் பைப்பைச் செருகி நான் தொங்க, அசைந்தது.
கழற்றிய தகடுகளைக் கத்தி அடிக்கக் கேட்டார்கள்.
இன்னும் கொடுக்கவில்லை.

பிறகு சத்தம்.
அவள் பின்தட்டில் படுத்தாள், காதைத் தகட்டில் வைத்து.
"ஓடுங்கோ. இருபதுக்கு மேலை போகாதையுங்கோ."
கண்ணாடியில் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன,
ஒவ்வொரு கிடங்குக்கும் விரல் மடக்கியபடி.
கடகட: கீழே தொங்கும் ஸ்பெயார் சில்லின் சங்கிலி.
பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றினோம்.
கிறீச்: தகடு தொங்கும் இடத்துப் புஷ், வெடித்துக் காய்ந்து.
ஆயிரத்து எண்ணூறு, பற்றுச்சீட்டு வாங்கச் சொன்னாள்.
டிண் டிண் மூன்று நாள் அகப்படவில்லை.
ஜாக்கியை இறக்கினோம், பின்கதவைக் கழற்றிவிட்டு ஓடினோம்,
என் சாவிக்கொத்தைக்கூடத் தன் மடியில் பொத்திப் பிடித்தாள்.

கடைசியில் இடப்பக்கக் கதவின் உள்மட்டை.
திறந்தால் அடியில்
பத்தாம் நம்பர் ஸ்பனர்.
எந்தக் கராஜில் எவன் அதைத் தேடித் தேடி
எந்தப் பெடியனுக்கு ஏசினானோ.
எங்கள் பற்றரி நட்டுக்கு அளவாயிருக்கிறது.

வைகாசியில் மறுபடி மூவாயிரம்.
குளத்தில் பைகளை மிதக்கவிட்டு, அவிழ்த்து, பார்த்திருந்தோம்.
யோகமலர் எழுதினாள்: இறப்பு 21.

திரும்பும்போது வெறும் வண்டி.
முதிரை நிழலில் அந்தப் பெரிய கிடங்கு வந்தது.
நான் பல்லைக் கடித்து, தலையைக் குனிந்து,
ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன்.
வண்டி இறங்கியது. ஏறியது.
"விடுங்கோ," என்றாள், "தாண்டியாச்சு."